சதை போட்ட முகம்

எனக்கு முகம் ஊதியபோது முதலில் சந்தோஷப்பட்டது அம்மாதான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். நான் அப்போது நோஞ்சான். பார்த்தவர்களெல்லாம், "புள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா?" என்று அவளைக் கேட்டு வைப்பார்கள். அந்த மழைக்காலத்தில் என் கால் நிறையச் சிரங்கு வந்து, வேப்பிலை அரைத்துப் பூசி, ஒருவழியாக ஆறியிருந்தது. அது ஆறிக் கொஞ்ச நாளில் கன்னம் உப்பினால் பெருமை வராதா? லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் என்னைக் காட்டினாள். கண்பட்டுவிடும் என்று மிளகாய் சுற்றி அடுப்பிலும் போட்டாள்.

பிறகு என் மூத்திரம் சாயத்தண்ணி நிறத்தில் போனது. பாலில்லாத தேத்தண்ணியைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். "விடிஞ்சதுலருந்து சாயத்தண்ணியா குடிச்சா வேற எப்புடிப் போகும்?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? தேத்தண்ணியை அடியோடு நிறுத்தினாள். நிறம் போகவில்லை. மறுநாள் கண்ணைத் திறக்க முடியாதபடி இமையும் வீங்கியது. தோட்டத்து மருந்துக்கார ஐயா பார்த்த உடனே எங்களை லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளைக்குக் கிட்டடியிலை சிரங்கு வந்ததோ?" என்று கேட்டார்.

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அது ஆறிப்போச்சுங்க. காலுக்கும் மூஞ்சிக்கும் என்னாங்க சம்மந்தம்?"

"ஆறின பிறகுதான் இது வாறது. சிரங்குக் கிருமியோடை சண்டை பிடிச்ச உடம்பு இப்ப சிறுநீரகத்தையும் தாக்குது. கூடுதலான பிள்ளையளுக்குச் சுகமாகியிடும். பயப்பிடாதேங்கோ."

"மிச்சப் புள்ளைங்களுக்குங்க?"

அவர் என் இமையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "பாப்பம்" என்றார்.

உப்பைத் தடுத்துவிட்டார்கள். தண்ணீரும் அளந்துதான். உப்பில்லாச் சோற்றை நான் துப்பினேன். அம்மா தானும் அதையே தின்று காட்டினாள். முகத்தை மட்டும் அவளால் நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை. காலையில் என் மூத்திரத்தைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, நர்ஸ் எடுத்துப் போகுமுன் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள். வாயாடியான என் அம்மா பேசாமல் இருந்தது எனக்கு ஊசியைவிடப் பயமாக இருந்தது.

ஒரு காலையில் போத்தலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி தெளிவாகத் தெரிந்தது. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகக் காட்டப் புறப்பட்டுவிட்டாள். அவளுக்குச் சிங்களம் வராது. பிள்ளைகளோடு கிடந்த சிங்களத் தாய்மாருக்கு விளக்கமும் தேவைப்படவில்லை. ஒருத்தி போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வந்து ஏசினாள். ஏச்சையெல்லாம் சிரித்தபடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவள், என் கட்டிலில் உட்கார்ந்ததும், வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள்.