டைகர் மாத்துக்கு வெள்ளைப் பட்டு

மனைவி இறந்துபோன ஏழாவது மாதம் கூரியரில் ஒரு விமானம் வாங்கினேன். போர்க்காலத்தில் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்த டைகர் மாத்தின் சின்ன உருவம். பால்சா என்கிற லேசான மரக்கட்டைகளை ஒட்டி, துணி போர்த்தி, ரிமோட்டில் பறக்கவிடலாம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு இறக்கைகள். அசல் விமானத்தில் முன்னால் வாத்தியார், பின்னால் மாணவர். தனியாக ஓட்டுகிறவரும் பின்னால்தான் உட்கார வேண்டுமாம், முன் இருக்கை காலியாகவே போகும். அதைப் படித்ததும் இதுதான் எனக்கான வண்டி என்று தோன்றிவிட்டது. யார் தயவும் இல்லாமல் கட்டி, ஏரிக்கரையில் ஒரு தடவையாவது பறக்கவிட வேண்டும் என்று ஒரே வீம்பு.

போர்த்துவதற்கு என் தறியிலேயே சாயம் ஏற்றாத மெல்லிய பட்டு நெய்தேன். துணியை லேசாக ஒட்டினால் போதும், மேலே பூசும் வார்னிஷ் காயும்போது தானே இறுக்கிக்கொள்ளும் என்று பெட்டியோடு வந்த தாளில் எழுதியிருந்தது. ஆரணி நெசவாளியிடம் வந்து தொய்வாக ஒட்டு என்றால்? தறிக்குப் பாவு நூலை இழுக்கிற மாதிரி இழுத்து ஒட்டி வார்னிஷ் பூசினேன். காலையில் பார்த்தால் இறக்கை சுட்ட அப்பளமாக முறுக்கிக்கொண்டு கிடந்தது.

தப்பு எங்கே என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தெருவில் பாவு நீட்டும்போது எதிர்முனையை என் மனைவிதான் பிடிப்பாள். நான் இழுத்துக்கொண்டே இருப்பேன். "போதும், வுடுங்க" என்று அவள் கத்தினால்தான் நிறுத்துவேன். முப்பது வருஷமாக எனக்கு இழுக்க மட்டும்தான் தெரிந்திருக்கிறது. கையில் இறக்கையை வைத்துக்கொண்டு அழுதேன்.

பட்டுத் துணியைக் கிழித்து எடுத்ததும் கட்டை நேரானது. இன்னொரு கை இல்லாமல் ஆகாது என்பதும் தெரிந்துபோனது. பக்கத்து வீட்டுப் பவர்லூம்காரர் துக்கம் கேட்க இரண்டு தடவை வந்து, நான் கதவு திறக்காததால் திரும்பிப் போனவர். போய் நின்றேன். "ஒரு துணி புடிக்கணும்" என்றேன்.

"அதுக்கு இன்னாண்ணா, வாங்க" என்று தறியை நிறுத்திவிட்டு வந்தார். இறக்கையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து முனையைப் பிடித்தார். நான் வழக்கம்போல இழுக்க, "பாத்துண்ணா, கட்டை வளையுது" என்றார். விட்டேன். கால் மணி நேரத்தில் ஓர் இறக்கை முடிந்தது, துளி வளைவு இல்லாமல்.

"மிச்சம் மூணுதானே? இப்பவே ஜல்தியா முடிச்சிடலாம்ணா. தறி நின்னுகினுதான் இருக்குது."

"பசை காயணுங்க. நாளைக்கு ஒண்ணு பாக்கலாம்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தப் பசை பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும்.