அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட நான்

அன்று பார்வையாளர் மாடத்தில் எங்கள் தெருவிலிருந்து இருந்தவர்கள் நான்கே பேர்: நான், என் கணவர், கீழ்வீட்டு பௌதி, மருந்துக்கடை தாதா. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்தான். பின்வரிசையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர். அவர் யாரென்று எங்கள் யாருக்கும் தெரியாது. கீழே அவையில் எங்கள் எம்.எல்.ஏ., எதிரே மந்திரிகள், உயரத்தில் சபாநாயகர். தொண்ணூறுகளின் கடைசியில், மழை இறங்காமல் புழுங்கிக்கொண்டிருந்த ஒரு ஜூன் மாதம். கல்கத்தா சட்டசபை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்குச் சட்டசபையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கணவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் உத்தியோகம். டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி வீட்டில் குடியிருந்தோம். சந்து முழுக்க வங்காளிகள். நாங்கள் ஒரு குடும்பம்தான் தமிழ். அதனால் என் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. 'மதராஸி பௌதி', அதாவது மதராஸி அண்ணி என்றால் போதும், ரிக்‌ஷாக்காரர் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் வந்த இரண்டு பேர் மருந்துக்கடை தாதாவைக் கம்பியால் தலையில் அடித்துவிட்டுக் கல்லாப்பணத்தை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். வண்டியைத் திருப்பும்போது விளக்கு வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்து, பின்னால் உட்கார்ந்திருந்தவன் முகத்தில் விழுந்தது. பார்த்துவிட்டேன். போலீஸ் வந்து கேட்டபோது, பார்த்ததைச் சொல்லியும் விட்டேன்.

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. அவர்கள் இன்னும் பிடிபடவில்லை. என் மகள் டியூஷனுக்குப் போவது அதே சந்து வழியாகத்தான். அவள் திரும்பி வரும்வரை பால்கனியில் நிற்பேன். "நீ மேல நின்னா கீழ அவனுங்க பயந்துருவானுங்களா?" என்பார் கணவர். கிண்டல் செய்துவிட்டு அவரும் வந்து பக்கத்தில் நிற்பார்.

சந்து முனையில் தெருவிளக்கு எரிந்து பல காலம் ஆகியிருந்தது. எழுதிப் போட்டும் யாரும் வராததால், நாங்கள் மூன்று வீட்டுக்காரர்கள் பணம் போட்டு அந்தக் கம்பத்தில் ஒரு டியூப் லைட் கட்டினோம். கரண்ட் கீழ்வீட்டு பௌதியின் மீட்டரிலிருந்து. தாதாவைப் பார்க்க வந்த எம்.எல்.ஏ. அதையும் பார்த்தார். "திருட்டைப் பற்றி ஒரு கேள்வி, விளக்கைப் பற்றி ஒரு கேள்வி. இரண்டையும் சபையில் போடுகிறேன். உங்கள் காசையும் வாங்கித் தருகிறேன்" என்றார். சொன்னபடியே கேள்வியும் போட்டார், எங்களுக்குப் பாஸும் அனுப்பினார்.

பௌதிக்கு அது துர்கா பூஜை வந்தது மாதிரி. மடிப்புக் கலையாத புடவை, முகத்தில் பவுடர். நான் வழக்கம்போலப் பசிக்குப் பயந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் காவலர் தூக்கை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். உள்ளே பேசக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, கைதட்டக் கூடாது. "மூச்சு விடலாமா?" என்று பௌதி கேட்டார். காவலர் சிரிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு எங்கே வரும்? போலீஸ் எழுதிய தாளில் என் பெயர், கணவர் பெயர், வீட்டு நம்பர் எல்லாம் இருந்தன. மந்திரி அதைப் படித்துவிட்டால்? பத்திரிகைக்காரர்கள் அங்கேதான் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை பேப்பரில் வந்தால், சாயங்காலம் என் மகள் அந்தச் சந்தில் எப்படி நடப்பாள்?

கேள்வி நேரம் ஒரு மணிதானாம். அதற்குள் வராத கேள்விக்கு எழுத்தில் பதில் வைத்துவிடுவார்களாம். எங்கள் திருட்டுக் கேள்வி பட்டியலில் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தது. யாரோ ஒரு உறுப்பினர் மீன் வளர்க்கும் குளங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே போனார். இன்னும் கேளுங்கள், இன்னும் கேளுங்கள் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"முந்தானையத் திருகாதம்மா, கிழிஞ்சிரும்" என்றார் கணவர்.

"ஏங்க, பின்னாடி கட்டம் போட்ட சட்டை என்னையே பாக்குறான்."

"உன் தலைக்கு நேரா மந்திரி உக்காந்திருக்காரு. வேற எங்க பாப்பான்?"

மீன்குளம் முடிந்ததும், எங்கள் இரண்டில் விளக்குக் கேள்வி முதலில் வந்தது. அதற்குரிய மந்திரி தாளைப் பார்த்துப் படித்தார்: குறிப்பிட்ட சந்தில் விளக்கு பொருத்தப்பட்டுவிட்டது, அது எரிந்துகொண்டிருப்பதை அதிகாரிகள் நேரில் கண்டு அறிக்கை தந்திருக்கிறார்கள், செலவும் கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்டது.

"ஓ மா!" என்றார் பௌதி, மாடம் முழுக்கக் கேட்கும்படி. "அது எங்க டியூப் ஆச்சே! மாசாமாசம் பில் கட்டுறவ நான் இங்க உக்காந்திருக்கேன்!"

காவலர் ஓடிவந்தார். இன்னொரு முறை வாய் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். பௌதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். தலையில் தையல் போட்டிருந்த தாதா, வலியைப் பொறுத்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பின்னும் சில கேள்விகள் ஒருவழியாக முடிந்தன. நேரம் முடியும் தறுவாயில் எங்கள் திருட்டுக் கேள்வியைக் கூப்பிட்டார்கள். போலீஸ் இலாகாவுக்குப் பதில் சொல்லும் மந்திரி எழுந்தார். விசாரணை நடக்கிறது, சாட்சி கிடைத்திருக்கிறது, விரைவில் பிடிப்போம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெயர் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

எங்கள் எம்.எல்.ஏ. துணைக் கேள்விக்கு எழுந்தார். நல்ல மனிதர். என்னைப் பாராட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். "அந்தச் சாட்சி எங்கள் சந்து மதராஸி பௌதி! எவ்வளவு தைரியம்! இதோ, மேலே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என்ன பாதுகாப்புக் கொடுத்தீர்கள்?" என்று கையை நீட்டினார்.

எனக்குப் பாதுகாப்புக் கேட்கிற வாயாலேயே என் விலாசத்தையும் சொல்லிவிட்டார். மாடத்தில் இருப்பவர்களைச் சுட்டிப் பேசக் கூடாது என்று சபாநாயகர் மணி அடித்தார். அதற்குள் அத்தனை தலைகளும் மேலே திரும்பிவிட்டன. பத்திரிகைக்காரர்கள் குனிந்து எழுதினார்கள். என் பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. கட்டம் போட்ட சட்டை எழுந்து விறுவிறுவென்று வெளியே போனது.

"ஏங்க, போயிட்டான். அவனுங்ககிட்ட சொல்லத்தான் போறான்" என்றேன். இந்த முறை கணவர் கிண்டல் செய்யவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகளை இன்றே ஊருக்கு அனுப்பிவிடலாமா, ரயிலில் இடம் கிடைக்குமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே அதிகாரிகள் உட்காரும் இடத்தில் அதே கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. ஓர் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். சீட்டு மந்திரியின் கைக்குப் போனது.

மந்திரி படித்தார். எழுந்தார். உறுப்பினர் கடைசியாகச் சொன்னதில் சாட்சியை அடையாளம் காட்டும் வார்த்தைகளை, அவருடைய பாதுகாப்பை முன்னிட்டு, அவைக்குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் எம்.எல்.ஏ. நாக்கைக் கடித்துக்கொண்டு, தானும் அதையே கேட்பதாகச் சொன்னார். அவர்கள் இருவரும் எதிரெதிர்க் கட்சி. அன்று காலையிலிருந்து ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனவர்கள் இல்லை.

"நீக்கப்படுகிறது. பத்திரிகைகளும் வெளியிடக் கூடாது" என்றார் சபாநாயகர். மேலே பத்திரிகைக்காரர் ஒருவர் தான் எழுதிய வரியின்மேல் பேனாவால் கோடு இழுப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

வெளியே தூக்கை வாங்கப் போனபோது கட்டம் போட்ட சட்டைக்காரர் அங்கே நின்றிருந்தார். எங்கள் ஏரியா போலீஸ் ஸ்டேஷன்காரர்தானாம். சாட்சி சட்டசபைக்குப் போகிறார் என்று தெரிந்து மப்டியில் அனுப்பியிருக்கிறார்கள்.

"பௌதி, உங்க கால் நடுங்கினதுல என் பெஞ்சு வரைக்கும் ஆடிச்சு" என்றார்.

"நான் உங்களத் திருடன்னு நெனச்சேன்" என்றேன்.

"என் மாமியாரும் அப்படித்தான் சொல்றாங்க."

எங்கள் தயிர்சாதத்தில் பங்கு கொடுத்தோம். மோர்மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வழிய நின்றார். "இவரையா பாத்துப் பயந்த?" என்றார் கணவர்.

மறுநாள் பௌதி பேப்பரை உரக்கப் படித்துக் காட்டினார். கேள்வி இருந்தது, பதில் இருந்தது, நான் இல்லை. சில மாதங்களில் அந்த இருவரும் பிடிபட்டார்கள். அடையாளம் காட்டப் போனபோதும் என் கால் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் காட்டினேன்.

பிறகு கணவர் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டோம். மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. என் கவலை மட்டும் ஓய்வு பெறவில்லை. இன்றும் படுக்கும் முன் தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறேன். பயம் அளவு மீறும்போது, கோடு இழுத்த அந்தப் பேனாவை நினைத்துக்கொள்வேன். மூச்சு ஒரு நிலைக்கு வரும். பௌதி இப்போதும் போனில் விளக்குக் காசைப் பற்றிக் கேட்பார். யோசித்துப் பார்த்தால், என்னை இல்லாமல் ஆக்கிக் காப்பாற்றிய அந்த அவைக்கு நான் பட்டிருக்கும் கடனை அடைக்க முடியாது. அவர்கள் எங்கள் சந்துக்குத் தர வேண்டிய கடனோ, பௌதியின் கரண்ட் பில்லைச் சேர்க்காமல், இன்றுவரை முன்னூற்று எண்பத்தைந்து ரூபாய்.