கைகளின்மேல் உட்கார்ந்தவர்

சாகணும் போலிருக்கிறது என்று என்னிடம் வந்து சொன்ன மாணவனை நான் அறைந்தேன். தாம்பரத்தில் ஒரு கல்லூரி விடுதிக்கு வார்டனாக இருந்தபோது, சாப்பாட்டுக் கூடத்தில், எல்லோர் முன்னாலும். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அடித்தால் புத்தி வரும் என்று நம்பினேன். அன்றே அவன் படிப்பை விட்டுப் போய்விட்டான்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, அதே கல்லூரியில் நடந்த தற்கொலைத் தடுப்புப் பயிற்சிக்கு என்னையும் அழைத்தார்கள். பயிற்சி கொடுத்தவர் பயில்வான் போலத் தடித்த கழுத்துள்ளவர். யார் பேசினாலும் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துதான் கேட்பார். டீ நேரத்தில் கேலியாகக் கேட்டேன்.

“என்ன சார், ஏசி குளிருதா?”

“இல்ல சார். சாகணும்னு யாராவது சொன்னா பயத்துல எனக்கு முதல்ல கைதான் எழும்பும். என் தங்கச்சிய அப்படித்தான் அடிச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அவ யார்கிட்டயும் சொல்லல. ஒரேயடியாப் போயிட்டா.”

அந்த வாரமே, நான் அடித்தவனைத் தேடி அனகாபுத்தூரில் அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டதும் என் சட்டையைப் பிடித்து இரும்புக் கேட்டில் மோதினான். மண்டை அதிர்ந்தது.

“இப்ப இன்னாத்துக்கு மன்னிப்பு? ஏன்டா அப்படிச் சொல்றேனு அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

“கேட்கல. இப்ப கேட்கிறேன். இன்னும் சாகணும்னு தோணுதா?”

சுற்றி வளைக்காமல் இப்படித்தான் கேட்க வேண்டும் என்று அந்தப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அவன் பிடி தளர்ந்தது.

“தோணுது சார்,” என்றான்.

மறுநாள் அவனோடு டாக்டரிடம் போனேன். இப்போதும் சேர்ந்துதான் போய்வருகிறோம். வழியெல்லாம் பேசுகிறான். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.