குணசேகரன் கேட்டு வாங்கிய கையெழுத்து

குணசேகரன் இறந்த செய்தி, காஞ்சிபுரத்தில் இணையதளம் செய்து பிழைக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மாரடைப்பு. நாற்பத்தொரு வயது. பத்தே நிமிடத்தில் 'எங்கள் ஊரின் எத்திக்கல் ஹேக்கர்' என்று கண்ணீர் அஞ்சலிப் படம் தயாராகிவிட்டது. தயாரித்தவர்கள் போன மாதம்வரை அவனைத் திருடன் என்றவர்கள். கூச்சம் என்று ஒன்று இவர்களுக்குக் கிடையாது.

அவனும் நானும் யூடியூப் பார்த்துத் தொழில் கற்றவர்கள். எங்கள் தொழிலின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டுக்கடைக்குச் செய்ததை நகலெடுத்து, கடைப் பெயரையும் அம்மன் படத்தையும் மாற்றினால் அடுத்த கடைக்குத் தளம் ரெடி. பாதுகாப்பு ஓட்டைகளும் கூடவே போகும். அதற்காக வெட்கப்பட்டவன் அவன் ஒருவன்தான். அந்த ஓட்டைகளைக் கண்டுபிடிக்க ஹேக்கிங்கை அரிச்சுவடியிலிருந்து படிக்க உட்கார்ந்தான். நாங்கள் சிரித்தோம்.

நான் செய்த ஒரு கடைத் தளத்தைச் சோதிக்க அனுமதி கேட்டான். வாய்வார்த்தை போதாதாம். "கையெழுத்து இல்லாம தொட்டா அது திருட்டுப்பா" என்றான். அவன் எழுதி வந்த அனுமதித் தாளில், தளத்தின் பொறுப்பாளன் என்று நக்கலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டுக் காட்டினான். தளத்தின் இணைய முகவரியில் தெரியும் ஆர்டர் எண்ணில் ஒன்றைக் கூட்டினால் அடுத்தவரின் ஆர்டர் திறந்தது. பெயர், வீட்டு முகவரி, முகூர்த்தத் தேதி. சேலையை நாளுக்குள் முடித்துத் தர, எங்கள் கடைகளில் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்வது வழக்கம்.

"அன்னிக்கு ஊட்டைப் பூட்டிக்கினு எல்லாரும் மண்டபத்துல இருப்பாங்க. திருட வர்றவனுக்கு நாமளே பத்திரிகை வச்ச மாதிரி இருக்குது" என்றான்.

கடை முதலாளியிடம் அவனே போய்ச் சொன்னான்; நானும் கூட இருந்தேன். அந்தப் பெரிய மனிதருக்கு ஓட்டை பெரிதாகத் தெரியவில்லை, கண்டுபிடித்தவன்தான் தெரிந்தான். வாடிக்கையாளர்கள் முன்னால் திருடன் என்று கத்தினார். இவன் தளத்தில் கைவைத்தது உனக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். குணசேகரன் என்னைப் பார்த்தான். சட்டைப் பைக்குப் போன கை வெறுமனே திரும்பியது. அந்தத் தாளை நீட்டியிருந்தால் என் பிழைப்பு அன்றோடு போயிருக்கும். மறுநாள் ஓசையில்லாமல் ஓட்டையை அடைத்து, முதலாளியிடம் சபாஷும் வாங்கினேன். அதன்பின் எந்தக் கடையும் அவனுக்கு வேலை தரவில்லை. மற்றவர்களைக் காறித் துப்புவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

காரியத்தன்று அவன் மனைவி அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். "யாருக்கும் காட்ட வேணாம்னாரு. உங்களாண்டையே இருக்கட்டும்."

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதைப் படமெடுத்து, குழுவில் அவன் அஞ்சலிப் படத்துக்குக் கீழே போட்டுவிட்டேன். கடையின் பெயரை மறைத்திருக்கிறேன். என் பெயரை மறைக்கவில்லை.