பதினோரு வீட்டு லொகேஷன் கோடும் வெள்ளையன் அண்ணனும்

வெள்ளையன் அண்ணன் இறந்துவிட்டார். நேற்று முன்தினம் காலையில் நெஞ்சுவலி. மலை இறங்குவதற்குள் வண்டியிலேயே உயிர் போய்விட்டதாம்.

என் நண்பர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. கொல்லிமலையில் எங்கள் பார்சல் ஆபீஸுக்கு டெலிவரி பார்த்தவர். அந்த மலையிலேயே குண்டூர் நாடு என்கிற பகுதிக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக டச் போன் வாங்கி, அதை வைத்துப் பிழைக்க வந்த மனுஷன்.

ஒரு RIP போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். முடியவில்லை... ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அசிங்கமாகத்தான் இருக்கிறது.

மலையில் டெலிவரி ஆரம்பித்தபோது வீடுகளுக்கு லொகேஷன் கோடு எடுக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஆப்பைத் திறந்தால் அந்த இடத்துக்கான கோடு வரும். எழுத்தும் எண்ணுமாக எட்டே எட்டு. தெருப் பெயர், கதவு எண் எதுவும் வேண்டாம். அதை ஸ்டிக்கரில் எழுதிக் கதவில் ஒட்டினால் வேலை முடிந்தது.

எடப்புளி நாட்டில் ஒரு ஊர். பதினோரு வீடு, ஒன்று இங்கே, ஒன்று அங்கே, நடுவில் மிளகுத் தோட்டம். அன்றைக்கு மழை வேறு. காலெல்லாம் அட்டை.

நான் போகவே இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து, மேப்பில் மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கி, மரத்துக்கு நடுவில் வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் மாடி வீடு என்று நினைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் கோடு எடுத்தேன். ஸ்டிக்கர்களை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து ஒட்டச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதெல்லாம் வீடே இல்லை. மிளகு காயப்போடுகிற சிமெண்ட் களம். வீடுகள் பலா மரத்துக்கும் சில்வர் ஓக்குக்கும் அடியில், மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத மாதிரி இருக்கின்றன.

அந்த லைனுக்குத்தான் அண்ணன் வந்து சேர்ந்தார். எங்கள் ஆப்பில், கோடு காட்டுகிற இடத்தில் நின்றால்தான் 'டெலிவர்ட்' பட்டன் அமுங்கும். அதனால் அவர் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துப் பார்சலைக் கொடுத்துவிட்டு, திரும்பக் களத்துக்கு நடந்து போய் பட்டனை அமுக்கிவிட்டு வருவாராம். பதினோரு வீட்டுக்கும் இதே கதை.

ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, அந்த ஊருல கோடெல்லாம் களத்தையே காட்டுதுங்க. ஊட்டைக் காட்ட மாட்டேங்குது. ஒருக்கா வந்து பாருங்களேன்."

பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். நான் வீடுகளுக்குப் போகாதது அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த நிமிடமே வாய் முந்திக்கொண்டது.

"அண்ணா, உங்களுக்கு லொகேஷன் ஆன் பண்ணவே தெரியல. முதல்ல போன் பாக்கக் கத்துக்கிட்டு வாங்க."

ஆபீஸே சிரித்தது. அவரும் சிரித்தார். "இருக்கும்ங்க சாமி. நான் என்னத்தைக் கண்டேன்..."

அதோடு விட்டாரா? மத்தியானம் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லிக் குடுங்க தம்பி" என்றார். லொகேஷன் எப்படி ஆன் செய்வது என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். நான் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே அவர் விரல் சரியான இடத்துக்குப் போய்விட்டது. பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அப்புறம் பார்சல் லேட் என்று புகார்கள் வந்தன. மேனேஜர் என்னிடம்தான் கேட்டார், கோடு தப்பா, ஆள் தப்பா என்று.

"அவருக்கு போன் சரியா வராது சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அண்ணனை வேலையை விட்டு நிறுத்த அது போதுமாக இருந்தது.

டெலிவரிப் பையை என் மேஜையில் வைத்துவிட்டு, "வாரேனுங்க தம்பி" என்று கிளம்பினார். முகத்தில் கோபமே இல்லை. அதற்கப்புறம் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரமே மலை ஏறி, பதினோரு வாசலிலும் நின்று கோட்டைச் சரியாக எடுத்தேன். சத்தமில்லாமல். புதுப் பையன் ஒரு புகாரும் இல்லாமல் டெலிவரி பார்த்தான். "பாத்தியா, ஆளை மாத்தினதும் சரியாயிடுச்சு" என்றார் மேனேஜர். தலையாட்டினேன்.

நேற்று துக்கத்துக்குப் போனேன். அக்கா, அவர் மனைவி, என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். "இவருதான் நம்ம ஊட்டுக்காரருக்கு போனு சொல்லிக் குடுத்த தம்பி."

அண்ணனுடைய போனை அக்கா என் கையில் கொடுத்தார். "பேனருக்கு ஒரு போட்டோ வேணுமாம் கண்ணு. எங்களுக்கு எடுக்கத் தெரியல. நீங்கதான் எடுத்துத் தரோணும்."

கேலரியைத் திறந்தேன். அவர் படத்தைவிடக் களத்துப் படங்கள்தான் அதிகம்...

ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படம். கதவில் நான் எழுதின ஸ்டிக்கர். அந்தக் கோட்டைப் போட்ட மேப் ஸ்கிரீன்ஷாட். அது கூட்டிக்கொண்டு போய் நிறுத்தின வெறும் களம். பதினோரு வீட்டுக்கும் வரிசையாக இருந்தது. தேதியைப் பார்த்தேன். ஆபீஸுக்கு வந்து என்னிடம் கேட்டாரே, அதற்கு முந்தின நாள்.

எல்லாம் பாக்கெட்டில் இருந்திருக்கிறது. மேனேஜர் முன்னால் ஒரு தடவை போனை நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். நீட்டவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

அழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழிக்கவில்லை. யாரோ கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது, நல்ல சிரிப்பு. பேனருக்கு அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அக்காவிடம் எதுவும் சொல்ல வாய் வராமல் இறங்கி வந்துவிட்டேன்.

பழைய ஆபீஸ் ஆட்கள் இதைப் படிப்பீர்கள். அன்றைக்கு நாம் சிரித்தது தப்பான ஆளைப் பார்த்து.

அண்ணா... போய் வாருங்கள். நாளைக்கு மலை ஏறி அக்காவிடம் சொல்லிவிடுகிறேன்.