கனம் கூடி வந்த சொம்பு

ஈயச்சொம்பில் வைத்தால்தான் ரசம் என்று யாராவது என் எதிரில் ஆரம்பித்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். விருந்தாளியாகப் போன வீட்டிலும், அந்தச் சொம்பை எங்கே வாங்கினார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் தலைநகரில், மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு மத்திய சர்க்காரில் குமாஸ்தா வேலை. கல்யாணச் சீராக அம்மா கொண்டுவந்த ஈயச்சொம்பில் வைக்காத ரசத்தை அவர் தொடமாட்டார். சொம்பு காய்ந்தால் உருகிவிடும் என்பது ஒன்பது வயதான எனக்குக்கூடத் தெரியும். ஒரு நாள் அம்மா ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் பால் பூத்துக்குப் போனாள். வரிசை நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது ரசம் வற்றி, சொம்பு பாதிக்குமேல் காஸ் அடுப்பில் வழிந்திருந்தது.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், மிஞ்சிய கட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னையும் கரோல் பாகுக்கு அழைத்துப் போனார். சந்துக்குள் பாத்திரம் வார்ப்பவர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஹோ ஜாயேகா, பாபுஜி", செய்துவிடலாம் என்றார். அடுத்த வாரம் வந்த சொம்பு பழையதைவிடப் பெரிது, கனமும் கூட. பாதி ஈயம் அடுப்போடு போனபிறகு இத்தனை பெரிய சொம்பு எப்படி வந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அப்பா அதைத் தன் சாமர்த்தியம் என்றே எடுத்துக்கொண்டார்.

தம்பிக்கு அப்போது மூன்று வயது. இரண்டு வேளையும் ரசம்சாதம்தான். சில மாதங்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். முகம் வெளுத்தது. தமிழும் ஹிந்தியும் கலந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன் மூலையில் சுருண்டு கிடந்தான். டிஸ்பென்சரியில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள்.

ராணுவ ஒர்க்‌ஷாப்பில் லாரி பேட்டரிகளைப் பழுது பார்க்கும் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். சொம்பைத் தூக்கிப் பார்த்தவர், பழைய பேப்பர் ஒன்றை இழுத்து, சொம்பின் விளிம்பால் அதன் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். பென்சில் கோடு போல விழுந்தது.

"அக்கா, இது காரீயம். நாங்க பேட்டரிக்குள்ள போடற சாமான். கை அலம்பாம டீ குடிச்சாலே எங்களைத் திட்டுவா. இதுல புளியை விட்டுக் கொதிக்க வெச்சா விஷம் அப்படியே ரசத்துல எறங்கும். பெரியவாளைவிடக் கொழந்தைகளைத்தான் ஜாஸ்தி படுத்தும், மூளையைக்கூடத் தொடும்."

"ஊர்ல எல்லாரும் இதுலதான் சாப்பிடறா" என்றார் அப்பா.

"அது வெள்ளீயம், அத்திம்பேர். இதுல எவனோ கலந்திருக்கான்."

அம்மா ரசத்தைத் தொட்டியில் கொட்டினாள். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியில் தம்பிக்கு ரத்தம் எடுத்தார்கள். மாமா சொன்னது சரியாக இருந்தது. அப்போதும் அப்பா, வேறு நல்ல சொம்பாகப் பார்த்து வாங்கலாம் என்றார்.

"இந்த வீட்டுக்குள்ள இனிமே ஈயமே வராது. எவர்சில்வர்ல வெக்கறேன். பிடிச்சா சாப்பிடுங்கோ, இல்லேன்னா மோர் இருக்கு" என்றாள் அம்மா.

இதையாவது பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனிடம் போடு என்றார் அப்பா. "அவன் விப்பான். இன்னொரு கொழந்தை குடிக்கும்" என்றாள் அம்மா. அப்பாவை நிமிர்ந்து பார்த்துக்கூடப் பேசாத அம்மா, கொல்லைப்பக்கம் போய், அம்மிக்குழவியால் சொம்பை அடித்துத் தட்டையாக்கினாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமி எட்டிப் பார்த்தும் நிறுத்தவில்லை. நசுங்கியதை மாமாவிடம் கொடுத்து அனுப்பிய பிறகுதான் கை அலம்பினாள்.

நான் அப்பா கட்சி. ஒரு வாரம் எவர்சில்வர் ரசத்தைத் தொடாமல் மோர்சாதமே சாப்பிட்டேன்.

தம்பிக்கு வலி நின்றது, முகம் தெளிந்தது. ஆனால் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு இரண்டாம் வாய்ப்பாடு அவன் தலையில் ஏறவே இல்லை. அவனை மண்டு என்று கூப்பிட்டதற்கு அம்மாவிடம் அறை வாங்கினேன். அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். தினமும் சாயங்காலம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஓரிரண்டு ரெண்டு என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "போதும் விடு, அவனுக்கு வந்தது அவ்வளவுதான்" என்று அப்பா சொன்னால் காதில் வாங்காமல் மறுபடியும் ஆரம்பிப்பாள். கடைக்குட்டிக்கு எத்தனை செல்லம் என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். சொம்போடு அவள் போட்ட சண்டை அன்றைக்குக் கொல்லையிலேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.