பஸ்ஸில் வரும் ப

அபிகாயிலுக்குப் பெயர் கூப்பிடுகிற வேலை. சித்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், தெலுங்கில் எழுதிய சீட்டுகளைப் பார்த்து, வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களை ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். பாலசமுத்திரத்துக்காரர் என்றால் தமிழ், பீலேர்க்காரர் என்றால் தெலுங்கு. யார் பெயரையும் அவள் சிதைத்ததில்லை. கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் அந்தக் குரல் போகும்.

அவள் பெற்ற பிள்ளைக்குத்தான் தன் பெயரே வாயில் சரியாக வரவில்லை. காலேப். வார்த்தையின் முதலெழுத்து அவன் நாக்கில் பட்டதும் இளகிவிடும். கால் என்றால் கோவிந்தாவில் வரும் க. தண்ணி என்றால் தேவனில் வரும் த. பால் என்றால் பஸ்ஸில் வரும் ப. சபைக் காம்பவுண்டுப் பையன்கள் விடுவார்களா?

“டேய், உம் பேர் இன்னாடா?”

“காலேப்.”

“கேட்டியாடா, சபைக்கார வாயில கோவிந்தா வருது! புட்ச்சி திருப்பதி பஸ்ல ஏத்துங்கடா!”

அவனும் சேர்ந்து சிரிப்பான். அபிகாயில் கொஞ்ச காலம் திருத்திப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று.

கணவர் எர்னஸ்ட் குவைத்துக்கு டிரைவராகப் போனவர். முதலில் கேசட்டில் பேசி அனுப்பினார். பிறகு கேசட்டும் வரவில்லை. பெங்களூரில் கட்டடம் கட்டடமாக எழும்பிக்கொண்டிருந்த காலம். ஊரில் மீசை அரும்பியவனெல்லாம் அந்தப் பக்கம் போனான், காலேபும் போனான். மார்கழிக் குளிரில் தகரக் கொட்டகையில் படுத்துக் காய்ச்சல் கண்டது. வேனில்தான் திரும்பி வந்தான். கோவிந்தா போட்டுக் கேலி செய்த பையன்களே பெட்டியைத் தூக்கினார்கள். தூக்கிய கையோடு அவர்களும் ஆளுக்கொரு ஊராகப் பிழைக்கப் போய்விட்டார்கள்.

அந்த வீட்டில் அவளால் இருக்க முடியவில்லை. காலி செய்துவிட்டு ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். அவன் முகத்துக்குப் போட்டோ இருந்தது. குரலுக்கு ஒன்றுமில்லை. வருஷங்கள் போகப் போக அது அவள் காதிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. பிள்ளை இரண்டாம் தடவை சாகிறான் என்று ஒரே ஒரு முறை யாரிடமோ சொன்னாள்.

சபையில் அறுப்பின் பண்டிகையை ஒட்டிப் பிள்ளைகளுக்குக் கதை எழுதும் போட்டி நடக்கும். தமிழ் மீடியம் மூடியபின் எழுதத் தெரிந்த பிள்ளைகள் அருகிப் போனார்கள். சபைப் போதகரான ஐயர் ஒரு வழி கண்டுபிடித்தார்: பாஷை தமிழாக இருந்தால் போதும், எழுத்து எதுவானாலும் சரி. பிள்ளைகள் வீட்டுத் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நடுவராக வேலூரிலிருந்து வரும் ஞானசிகாமணி ஐயாவுக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. போதாததற்கு அந்த வருஷம் கண் ஆபரேஷனாகிக் கட்டுப் போட்டிருந்தார். அதனால் சனிக்கிழமை மத்தியானம், சபைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், அபிகாயில் படிக்க அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் எழுத்துப் பிழையை வாயிலேயே திருத்திக்கொண்டு படிப்பது அவள் வழக்கம்.

கல்பனா என்ற பெண்ணின் தாள் வந்தது. மாங்கூழ் ஃபேக்டரியில் மூட்டை தூக்கும் ஏழுமலையின் மகள். பாலசமுத்திரத்திலிருந்து பிழைக்க வந்து, அபிகாயில் விட்டுப்போன அதே வீட்டில் குடியிருந்தார்கள். காலேபை அவர்கள் பார்த்ததே இல்லை.

“எங்க வூட்டு பின்னால துணி தோய்க்கிற கல்லு இருக்குது. சாயங்காலம் ஒரு அண்ணா அதும்மேல குந்திக்கினு இருக்கும். பேர் கேட்டா காலேப்னு சொல்லும். கால் சில்லுன்னு கீது, தண்ணி காய வெச்சி குடுன்னு கேக்கும். பால் கீதான்னு கேக்கும். எங்க வூட்ல பால் இல்லன்னு சொல்லுவேன். எங்க அம்மா டூட்டி முட்ஞ்சி வந்துச்சான்னு கேக்கும்.”

பெயரைப் பார்த்ததுமே அபிகாயில் தாளை மடியில் வைத்து, மறுபடி எடுத்தாள். இருந்தும் வழக்கம்போலத் திருத்தியே படித்து முடித்தாள்.

“கதை நல்லாத்தாம்மா இருக்கு. கேக்கறதுக்கு பிழை ஒண்ணும் இல்லியே, ஏன் அங்கங்க நிக்கறே?” என்றார் ஐயா.

அவள் மறுபடியும் தாளைப் பார்த்தாள். தமிழில் க ஒன்றுதான், ப ஒன்றுதான். தெலுங்கில் காலுக்கு ஒரு க, கோவிந்தாவுக்கு வேறு க. அந்தப் பெண் தன் வீட்டுப் பாலை எழுதும்போது சரியான ப போட்டிருந்தாள். அண்ணா கேட்கிற பாலுக்கு மட்டும் பஸ்ஸில் வரும் ப. அண்ணாவின் காலுக்கும், அண்ணா சொல்கிற காலேபுக்கும் கோவிந்தாவில் வரும் க. பிழை என்றால் எல்லா இடத்திலும் அல்லவா இருக்க வேண்டும்?

“இன்னொரு தரம் படிக்கறேங்க ஐயா. எழுதினபடியே.”

படித்தாள். பேர் கேட்டா என்ற இடம் வரை அவள் குரல்தான்.

ஐயா தலையை நிமிர்த்தினார். கட்டுப் போட்ட கண்கள் கதவுப் பக்கம் திரும்பின. “அபிகாயில், யாரும்மா உள்ள வந்தது?”

“யாரும் வரலைங்க ஐயா.”

“ஒரு பையன் பேசினானே.”

அன்று சாயங்காலமே பழைய வீட்டுக்குப் போனாள். கல்பனா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தே, ப்ரைஸ் எனுக்கா?”

“அந்த மாதிரி பேச உனுக்கு யார் சொல்லிக் குடுத்தது கண்ணு?”

“இன்னாத்த சொல்லிக் குடுக்கறது? அது பேசறத எழ்தினேன். எங்கம்மா கூட திட்டிச்சி, சும்மா புளுகிக்கினு இருக்காதடின்னு.”

“அவன் அம்மாவக் கேட்டா நீ இன்னா சொல்லுவே?”

“எனுக்கு இன்னா தெரியும்? வேற வூட்டுக்கு போய்ட்டாங்க போல, தேடிக்கினு போன்னு சொன்னேன்.”

அபிகாயில் முறத்தைப் பிடித்துக்கொண்டாள். “போய்ட்டானா?”

“ஊஹூம். அம்மாவுக்கு இந்த வூடுதான் தெரியும், வரும், இங்கியே கீறேன்னுச்சி.”

பின்பக்கம் போய்ப் பார்த்தாள். வெயில் இறங்கியிருந்தது. துவைக்கிற கல் காய்ந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் சூடாக இருக்க, நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் கல் ஜில்லென்றிருந்தது.

பரிசு கல்பனாவுக்குத்தான் கிடைத்தது. சபைப் பத்திரிகையில் போட அபிகாயிலே கதையைத் தமிழில் எடுத்து எழுதினாள். எழுதி முடித்து வாய்விட்டுப் படித்தாள். காலேப், கால், பால். யாரோ ஊர்ப்பிள்ளை பேசியது போல இருந்தது. தெலுங்குத் தாளைத் திருப்பித் தரவில்லை, அந்தப் பெண்ணும் கேட்கவில்லை. மாங்காய் சீசன் முடிந்ததும் ஏழுமலை குடும்பத்தோடு பெங்களூருக்குப் போனார். சாவி கை மாறிய அன்றே அபிகாயில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பழைய வீட்டுக்கே வந்தாள்.

அதன்பின் ஓவர்டைம் பார்க்கவே மாட்டாள். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குள் இருப்பாள். தனி ஆளுக்கு எதற்கு இவ்வளவு வெந்நீர் என்று பக்கத்து வீட்டார் கேட்டால், “டூட்டி முட்ஞ்சி வந்தா வேணும்ல,” என்பாள். சர்க்கரை வியாதி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வாய் குழறும் நிலையிலும் மணி என்ன என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அழுதாள். அனுப்பவில்லை.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பால் பாக்கெட் போடும் பொன்னியம்மா ஒரு மூலையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

“என்னிக்கும் கதவத் தொறக்காது அந்தம்மா. உள்ள இருந்து கொரல் வரும், வெச்சிட்டு போவேன். போன வாரம் பூரா ஆஸ்பத்திரில கெடந்துச்சின்னு இப்பதான் சொல்றீங்க. அப்ப உள்ள இருந்து கேட்டது யாரு?”

“இன்னான்னு கேட்டுது?”

பொன்னியம்மா கேட்டபடியே சொல்லிக் காட்டினாள். காம்பவுண்டின் பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஐயர் ஜெபத்தை நிறுத்திவிட்டார்.

இங்கே தமிழில் எழுதினால் அது வெறும் பால்.